தண்ணீர் யாருக்கு? – இரண்டு ஃபால்அவுட் விளையாட்டுகள்

வீடியோ கேம் என்றால் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்றுதான் நம் வயதுக்காரர்கள் பலரும் நினைக்கிறோம். ஓய்வு பெற்ற பிறகு நான் முழுதாக ஆடி முடித்தவை இரண்டே இரண்டு. இரண்டும் ஃபால்அவுட் என்ற ஒரே வரிசையில் வந்தவை. முப்பது வருஷத்துக்கு மேல் பாசனப் பிரிவில் மதகும் வாய்க்காலுமாகக் காலம் தள்ளியவன் நான். அதனால் துப்பாக்கிச் சண்டையை விட இவற்றில் வரும் தண்ணீர் விவகாரம்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது.

முதலில் கதைக் களத்தைச் சொல்லிவிடுகிறேன். 2077-ல் அணு ஆயுதப் போர் மூண்டு நாடு நகரமெல்லாம் சாம்பலாகிவிடுகிறது. கொஞ்சம் பேர் 'வால்ட்' எனப்படும் நிலத்தடிக் காப்பறைகளில் பிழைத்துக்கொள்கிறார்கள். இருநூறு வருஷம் கழித்து, அந்தப் பாழ்நிலத்தில் நாம் ஒரு பாத்திரமாக நடமாட வேண்டும். எங்கே வேண்டுமானாலும் போகலாம், யாரிடமும் பேச்சுக் கொடுக்கலாம். 1997-ல் வந்த இந்த வரிசையின் முதல் விளையாட்டே தண்ணீரில்தான் ஆரம்பிக்கிறது. காப்பறையின் குடிநீர்க் கருவியில் ஒரு சில்லு பழுதாகிவிட, அதற்கு மாற்றுத் தேடி ஒருவர் வெளியே போகிறார்.

நான் முதலில் ஆடியது ஃபால்அவுட் 3. பெதெஸ்டா நிறுவனம் 2008-ல் வெளியிட்டது. களம் வாஷிங்டன் நகரத்தின் இடிபாடுகள். ஆற்றுத் தண்ணீர் முழுக்கக் கதிரியக்கம். குடித்தால் உடம்பில் ஏறும். ஊர் வாசலில் உட்கார்ந்திருக்கும் பிச்சைக்காரர் காசு கேட்பதில்லை, நல்ல தண்ணீர் கேட்கிறார். ஒரு பாட்டில் கொடுத்தால் நம் கணக்கில் புண்ணியம் ஏறும். திருடினால் இறங்கும். நம் பாத்திரத்தின் அப்பா ஒரு விஞ்ஞானி. ஜெஃபர்சன் நினைவு மண்டபத்தில் ஒரு ராட்சத சுத்திகரிப்பு இயந்திரம் அமைத்து ஆற்றையே குடிநீராக்க வேண்டும் என்பது அவர் கனவு. அதற்காகவே உயிரையும் விடுகிறார். கடைசியில் கதிரியக்கம் நிறைந்த அறைக்குள் யாராவது போய் இயந்திரத்தை முடுக்க வேண்டும். போகிறவர் பிழைக்க மாட்டார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கதிரியக்கம் ஒன்றுமே செய்யாத ஃபாக்ஸ் என்ற ராட்சதத் துணை நம்மோடு இருக்க முடியும். 'நீ உள்ளே போயேன்' என்று கேட்டால், இது உன் விதி என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும். ஆடியவர்கள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. 2009-ல் வந்த புரோக்கன் ஸ்டீல் என்ற இணைப்பில் அதையே உள்ளே அனுப்ப வழி வைத்தார்கள். அந்த இணைப்பில் ஆறு சுத்தமான பிறகு நடப்பதும் வருகிறது. தண்ணீர் வண்டிகளை வழிமறிக்கிறார்கள். ஒருவன் வெறும் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து அதிசய மருந்து என்று விற்கிறான். தண்ணீரைக் கொண்டுவருவதை விடப் பங்கிடுவதுதான் பெரும்பாடு என்பது பாசனத்தில் இருந்த எவருக்கும் தெரியும். ஃபால்அவுட் 3 அதை ஓரமாகத் தொட்டுவிட்டு நின்றுவிடுகிறது.

2010-ல் அப்சிடியன் நிறுவனம் உருவாக்கிய ஃபால்அவுட்: நியூ வேகஸ் அங்கேதான் தொடங்குகிறது. களம் மொஹாவி பாலைவனம். எல்லோர் கண்ணும் ஹூவர் அணை மேல். கொலராடோ ஆற்றின் குறுக்கே 1930-களில் கட்டிய நிஜ அணை அது. அந்த ஆற்று நீரை ஏழு மாநிலங்கள் பங்கிட்டுக்கொள்ள 1922-ல் ஒப்பந்தம் போட்டார்கள். மழை நன்றாகப் பெய்த வருஷங்களை வைத்துக் கணக்குப் போட்டதால், காகிதத்தில் பங்கிட்ட அளவு ஆற்றில் வரவில்லை. நமக்குப் புதிய கதையா என்ன! விளையாட்டில் அணைக்கு மூன்று பேர் போட்டி: கலிஃபோர்னியாவிலிருந்து வந்த குடியரசு, அடிமைகளை வைத்திருக்கும் சீசரின் படை, நகரத்தை ஆளும் ஹவுஸ் என்ற பணக்காரர். யாருக்கு என்பது நம் கையில். மூவரையும் ஒதுக்கிவிட்டு நாமே எடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. புண்ணியக் கணக்கு இதிலும் உண்டு; ஆனால் பெரிதாக எடுபடுவதில்லை. ஒவ்வொரு கட்சியும் தன் கணக்கில்தான் நம்மை எடைபோடுகிறது.

அதில் வரும் ஒரு சிறு வழக்கு என் மனதில் தங்கிவிட்டது. குடியரசின் பண்ணைகளுக்குத் தண்ணீர் குறைகிறது. அதை விசாரிக்கப் போன ஒயிட் என்ற சிப்பாயைக் காணோம். துப்புத் துலக்கினால், ஆண்டர்சன் என்ற தொண்டர் வெஸ்ட்சைட் என்ற ஏழைக் குடியிருப்பின் வயல்களுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டிருக்கிறார். அதைக் கண்டுபிடித்த ஒயிட்டைக் கொன்றவரும் அவரே. உண்மையை அதிகாரியிடம் சொல்லலாம். பழியை ஒரு ரவுடிக் கும்பல் தலையில் போட்டு ஆண்டர்சனைக் காப்பாற்றவும் செய்யலாம்.

ராத்திரியில் மதகுப் பலகையைத் தூக்குபவர்களை என் சர்வீசில் நிறையப் பார்த்திருக்கிறேன். பலர் நல்ல மனிதர்கள். பயிர் கருகும், முறை வர இன்னும் நாலு நாள் இருக்கும். வேறென்ன செய்வார்கள்? ஆனால் அவர்கள் எடுத்தது கடைமடையில் இருக்கும் இன்னொருவருடைய தண்ணீர். அவர் மனு எழுதிக்கொண்டு ஆபீஸுக்கு வர மாட்டார். வந்தாலும் பயிர் காய்ந்த பிறகுதான் வருவார். விளையாட்டில் அந்த ஒயிட்டுக்காகப் பேசவும் யாரும் இல்லை. நான் அதிகாரியிடம் உண்மையைச் சொன்னேன். சொல்லும்போது வெஸ்ட்சைடின் வயல்களும் கண்ணுக்குள் நின்றன. ஃபால்அவுட் 3-ல் பாட்டில் தண்ணீர் கொடுத்தபோது கிடைத்த நிம்மதி இங்கே கிடைக்கவில்லை.

ஒரு நல்லவர் உயிரைக் கொடுத்தால் ஆறு சுத்தமாகும் என்கிறது முதல் விளையாட்டு. அழகான கதைதான். இருபத்தைந்து வயதில் ஆடியிருந்தால் அதைத்தான் தலையில் வைத்துக்கொண்டாடியிருப்பேன். நியூ வேகஸில் கதை முடிந்ததும் ஒவ்வொரு ஊரும் என்ன ஆயிற்று என்று தனித்தனியாகச் சொல்கிறார்கள். ஒன்று செழித்திருக்கும், பக்கத்தில் இன்னொன்று காலியாகியிருக்கும். முறைப்பாசனம் நடத்தியவர்களுக்கு அந்த முடிவு பழகினது.

ஆட விரும்புகிறவர்கள் 3-ஐ முதலில் ஆடுங்கள். சண்டையை மிக எளிதாக வைத்துக்கொள்ள வசதி இருக்கிறது, நம் விரல்களுக்கு அது போதும். நியூ வேகஸில் 'ஹார்ட்கோர்' என்று ஒரு முறை உண்டு. அதில் வேளாவேளைக்குத் தண்ணீர் குடிக்காவிட்டால் நம் ஆள் செத்துப்போவார். அந்த முறையில் ஆடிப் பாருங்கள்.