தால் ஏரியில் ஒரு மரவீடு

அப்பாவுக்கு மத்திய அரசு உத்தியோகம். எண்பதுகளில் ஸ்ரீநகருக்கு மாற்றலானபோது, "அந்தக் குளிரைக் குழந்தைகள் தாங்குமா?" என்று கவலைப்பட்ட உறவினர்களெல்லாம் மே மாத விடுமுறைக்கு மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினார்கள். குவார்ட்டர்ஸில் இடம் போதாது. வருகிறவர்களை அப்பா தனக்குப் பழக்கமான ஒருவரின் படகுவீட்டில் தங்கவைப்பார். நானும் தம்பியும் அங்கேயே ஒட்டிக்கொள்வோம்.

அவரைச் சாச்சா என்று கூப்பிடுவோம். படகின் முகப்பில் செதுக்கு வேலைப்பாடுள்ள திண்ணை, அடுத்துக் கூடம், சாப்பாட்டு அறை, பிறகு ஒரே வரிசையில் படுக்கையறைகள். சாச்சாவின் குடும்பம் பின்னால் கட்டியிருந்த சமையல் படகில் இருந்தது. மல்லாந்து படுத்தால் கண் கூரையை விட்டு நகராது. சின்னச் சின்ன மரத்துண்டுகளை நட்சத்திரமும் அறுகோணமுமாக ஒன்றுக்குள் ஒன்று செருகி, ஆணி அடிக்காமல் கோத்திருப்பார்கள். கதம்பந்த் என்று பெயர். மழை பெய்தால் தேவதாரு வாசனை அறை முழுக்க நிறையும். விடிகாலையில் காய்கறிப் படகுகள் கூடும் தண்ணீர்ச் சந்தைக்குச் சாச்சா ஷிகாரா என்ற சிறு படகில் எங்களையும் கூட்டிப்போவார். அங்கே வாங்கிய தாமரைத் தண்டில் அம்மா வற்றல் போட்டது அந்தப் படகின் மேல்தளத்தில்தான்.

"இத்தனை தரை இருக்க, ஏன் தண்ணீரில் வீடு?" என்று தாத்தா கேட்டார். மகாராஜா காலத்தில் வெளியார் இங்கே நிலம் வாங்க முடியாது, கோடைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் படகையே வீடாக்கிக்கொண்டார்கள் என்றார் சாச்சா. அவர்கள் போனபிறகும் ஏரியை நம்பி ஆட்கள் வந்தார்கள். 1966-இல் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் ரவிசங்கரிடம் சிதார் கற்க இங்கே படகுவீட்டில் தங்கினார். பாட்டிக்கு அதெல்லாம் பொருட்டில்லை. 1961-இல் வந்த ஸ்ரீதரின் 'தேன்நிலவு' இங்கே எடுத்த படம். ஜெமினியும் வைஜயந்திமாலாவும் படகில் போன இடம் எது என்று காட்டச் சொல்லி ஒவ்வொரு ஷிகாராக்காரரையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு மறக்காதது வேறு. சாச்சாவின் மூத்த மகன் தினமும் காலையில் அடித்தளத்துப் பலகையைத் தூக்கி, இரவில் கசிந்த தண்ணீரை வாளியால் இறைப்பார். பலகை இடுக்குகளில் நாரை வைத்து உளியால் தட்டித் தட்டி அடைப்பார். தேவதாரு தண்ணீருக்குத் தாக்குப்பிடிக்கும் மரம்தான். இருந்தாலும் அடிப்பலகைகளைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றியே தீரவேண்டும். கோடையில் வந்த காசு அதற்குப் போகும். விருந்தாளி வராவிட்டால் மரம் வாங்க வழியில்லை. மரம் மாற்றாவிட்டால் படகு இருக்காது. இந்தக் கணக்கு அப்போது எனக்குப் புரியவில்லை.

1989 கடைசியில் எல்லாம் மாறியது. துப்பாக்கிச் சத்தம், ஊரடங்கு. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் காஷ்மீரி பண்டிட் குடும்பம் ஜம்முவுக்குக் கிளம்பியது. கொஞ்ச நாளில் நாங்களும் கிளம்பினோம். 1988-இல் ஏழு லட்சத்தைத் தாண்டிய பயணிகளின் எண்ணிக்கை 1990-இல் சில ஆயிரங்களாகச் சுருங்கிவிட்டது. 1992-இல் வந்த 'ரோஜா' காஷ்மீர்க் கதைதான், ஆனால் காஷ்மீரில் படம் பிடிக்க முடியாமல் மணாலிக்கும் நீலகிரிக்கும் போனார்கள். மதுரைத் தியேட்டரில் அந்தப் பனியைப் பார்த்து, "இது நம்ம ஊர் இல்லை" என்றான் தம்பி.

சமீபத்தில் போனேன். சாச்சா இல்லை. படகு இருக்கிறது, ஒரு பக்கமாகச் சாய்ந்து. பின்னறைகளைப் பூட்டிவிட்டார்கள். பயணிகள் திரும்ப வருகிறார்கள், ஏரிக்கரை ஜேஜே என்றிருக்கிறது. ஆனால் நடுவில் போன வருடங்களில் படகுகளுக்குச் செலவழிக்க யாரிடமும் காசில்லை. ஏரி மாசடைகிறதென்று புதுப்படகு கட்டத் தடை வந்தது. பழையதைப் பழுதுபார்க்கவும் வெகுகாலம் அனுமதிக்காக அலைந்தார்கள். 2014 செப்டம்பர் வெள்ளம் வேறு. ஏரி மாசடைய எத்தனையோ காரணம் இருக்க, பாரத்தையெல்லாம் இந்தப் படகுக்காரர்கள் தலையில் ஏற்றியது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

முன்பு தண்ணீர் இறைத்த அண்ணனுக்கு இப்போது தாடி நரைத்துவிட்டது. கஹ்வா தேநீர் கொடுத்துவிட்டு, மாற்றவேண்டிய அடிப்பலகைகளின் நீள அகலத்தை எழுதிய நோட்டை எடுத்துவந்து காட்டினார். இப்போது அனுமதி கிடைக்கிறதாம். தேவதாரு விலைதான் மலைக்கவைக்கிறது என்றார். முன்பாதிக்கு மட்டுமாவது மரம் எடுத்துவிட்டால், அடுத்த கோடைக்குள் வேலையை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.