வியாழக்கிழமைக்குள் ஏற வேண்டும்

2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறு. ஆராதனை முடிந்து அனைவரும் கலைந்த பின்பும் ஒரு வாலிபன் மட்டும் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நாசரேத் பக்கத்துப் பிள்ளை; நொய்டாவில் ஓர் அலுவலகத்தில் இரவுப் பணி செய்கிறவன். அருகே சென்று, "என்ன தம்பி?" என்றேன்.

"பாஸ்டர் ஐயா, வருகிற வியாழக்கிழமைக்குள் சந்தை ஏற வேண்டும். அதற்காக ஜெபியுங்கள்" என்றான்.

நான் காய்கறிச் சந்தையென்று எண்ணி, இறங்குவதற்கல்லவா ஜெபிக்க வேண்டும் என்று கேட்டுவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. தங்கையின் திருமணத்திற்காகச் சேர்த்த இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாயில் ஒரு லட்சத்து அறுபதாயிரத்தைப் பங்குச்சந்தையில் போட்டிருப்பதாகவும், ஊரிலிருக்கும் தாயாருக்கு அது தெரியாதென்றும் சொன்னான். அவனுக்காக ஜெபித்தேன். சந்தைக்காக ஜெபிக்க எனக்கு வார்த்தை வரவில்லை. உண்மையில், அவன் செய்தது என்னவென்றே எனக்கு அப்பொழுது விளங்கவில்லை.

வியாழக்கிழமை வந்தது. அவன் போட்ட பணம் முழுவதும் போயிற்று.

பிரியமான வாசகர்களே, அந்த வாரத்திலேதான் நான் இதைக் குறித்துப் படிக்கத் தொடங்கினேன். முப்பது ஆண்டுகளாக, "பங்குச்சந்தை சூதாட்டம், விசுவாசி அதைத் தொடலாகாது" என்று ஒரே வரியில் சொல்லி முடித்து வந்தவன் நான். அப்படிச் சொல்லக் காரணம் வேதபாடமல்ல. என் தகப்பனாரின் தகரப்பெட்டி.

அவர் மத்திய அரசு அலுவலகமொன்றில் சுருக்கெழுத்தர். 1995-இல் ராமகிருஷ்ணபுரத்துக் குடியிருப்பில் எல்லோரும் புதிய நிறுவனங்களின் பங்குகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தார்கள். தகப்பனாரும் அசப் அலி சாலைத் தரகர் ஒருவரிடம் போய்ப் படிவம் வாங்கி வந்து, சேமநல நிதியிலிருந்து எடுத்த பணத்தைக் கட்டினார். அந்த நிறுவனம் இரண்டே ஆண்டுகளில் காணாமற்போயிற்று. கடிதங்கள் திரும்பி வந்தன. அக்காலத்தில் மக்களிடம் பணம் திரட்டிவிட்டு மறைந்துபோன நிறுவனங்கள் இருநூறுக்கும் மேல் என்று அரசாங்கமே பின்னர்க் கணக்கெடுத்தது. அழகான அச்சில் இருந்த அந்தப் பத்திரங்களைத் தகப்பனார் கடைசிவரை எறியவில்லை. தில்லிப் பங்குச்சந்தையும் இன்று இல்லை. 1947-இல் நிறுவப்பட்ட அதன் அங்கீகாரத்தை 2014-இல் செபி விலக்கிக்கொண்டது. நம் சென்னைப் பங்குச்சந்தை 1937-இல் தொடங்கி 2015-இல் விடைபெற்றது. இப்பொழுது வியாபாரம் பெரும்பாலும் மும்பையிலுள்ள தேசியப் பங்குச்சந்தையிலும் பம்பாய்ப் பங்குச்சந்தையிலுமே நடக்கிறது. நமக்கோ அது கைப்பேசிக்குள் இருக்கிறது.

பங்கு என்பது என்ன? ஒரு தொழிலின் சிறு துண்டு. ஊரில் நான்கு பேர் கூடி அரிசி ஆலை வைத்தால், ஆளுக்குக் கால் பங்கு. ஆலை லாபம் கண்டால் பங்கு கிடைக்கும். மூடப்பட்டால் கடன்காரர்களுக்குக் கொடுத்ததுபோக மிஞ்சியதே நமக்கு. பெரிய நிறுவனத்தில் அந்தத் துண்டு கோடிகளில் ஒன்றாயிருக்கிறது, அவ்வளவே. லாபத்தில் தருவது டிவிடெண்ட். தொழில் வளர்ந்தால் துண்டின் விலையும் வளரக்கூடும். வட்டி போன்று நிச்சயமில்லை. ஆனால் சீட்டாட்டமும் அன்று. இதை நான் ஏற்றுக்கொள்ளச் சில மாதங்களாயின.

தகப்பனார் காலத்துக் காகிதம் இன்று தேவையில்லை. வங்கிக் கணக்கு, பான் அட்டை, டீமேட் கணக்கு, வாங்கி விற்பதற்குத் தரகரிடம் ஒரு கணக்கு ஆகியவை போதும். வாங்கிய பங்கு மறு வேலை நாளில் டீமேட் கணக்கிற்கு வந்துவிடுகிறது. கவனிக்க வேண்டியது ஒன்று: பங்குகள் தரகரின் பெட்டியில் இருப்பதில்லை. என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். என்னும் இரண்டு காப்பகங்களில் ஒன்றில் நம் பெயரிலேயே இருக்கின்றன. அங்கிருந்து வரும் கணக்கு அறிக்கையைத் திறந்து பாருங்கள். நம்மில் அநேகர் அதைத் திறப்பதேயில்லை. வாடிக்கையாளரின் பங்குகளை ஒரு பெரிய தரகு நிறுவனம் அடகு வைத்துக் கடன் வாங்கியது 2019-இல் வெளிப்பட்டது.

இனி அந்த வாலிபனிடம் வருகிறேன். "நான் ஷேர்தான் வாங்கினேன் ஐயா" என்று அவன் சாதித்தான். அவனுடைய கைப்பேசியை வாங்கி இருவருமாகப் பார்த்தோம். அவன் ஒரு பங்கைக்கூட வாங்கியிருக்கவில்லை. வாங்கியது ஆப்ஷன்.

அதை இப்படிச் சொல்லலாம். ஒருவருடைய மனையை, வியாழக்கிழமைக்குள் பத்து லட்சத்துக்கு வாங்கிக்கொள்ளும் உரிமைக்காக நீங்கள் பத்தாயிரம் முன்பணம் கொடுக்கிறீர்கள். அதற்குள் மனையின் விலை பதினோரு லட்சமானால் உங்களுக்குக் கொள்ளை லாபம். ஆகாவிட்டால் முன்பணம் திரும்பாது, மனையும் உங்களுடையதல்ல. ஆப்ஷன் வாங்குவது இதுவே. மனையின் இடத்தில் பங்கோ குறியீட்டெண்ணோ இருக்கிறது. பங்கு விலை விழுந்தால் பங்காவது கையில் நிற்கும், காத்திருக்கலாம். ஆப்ஷனுக்கோ கெடு உண்டு. கெடு முடிந்தால் வெறும் கை. ஆப்ஷனை விற்கிறவருடைய நஷ்டம் வாங்கிய பணத்தோடும் நிற்காது. விவசாயியும் வியாபாரியும் விலை ஆபத்திலிருந்து தப்பக் கண்டுபிடித்த ஏற்பாடு இது. இரவுப் பணி முடித்துக் கண் எரியப் பேருந்தில் வருகிறவனுக்காக உண்டானதல்ல. ஆயினும் அதே செயலியில், பங்கின் பக்கத்திலேயே இதுவும் இருக்கிறது. அவன் தடுமாறியதற்கு அவனை மட்டும் குற்றஞ்சாட்ட எனக்கு மனமில்லை.

அவன் தனியாளுமல்ல. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் பங்கு சார்ந்த ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்களில் ஈடுபட்ட தனிநபர் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டமடைந்தார்கள். நஷ்டமடைந்தவர் ஒவ்வொருவரும் சராசரியாக ஏறக்குறைய இரண்டு லட்சம் இழந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். 2024 நவம்பரில் விதிகள் இறுக்கப்பட்டன. அதன் பின்பும், 2024-25 நிதியாண்டில் நூற்றுக்கு 91 பேர் இழந்ததாக 2025 ஜூலை ஆய்வு கூறியது. இந்த எண்களை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். "இதை யாரும் சொல்லவில்லையே ஐயா" என்றான். அவனுக்குச் சொன்னவர், டெலிகிராமில் 'டிப்ஸ்' கொடுத்து மாதக் கட்டணம் வாங்கிய ஒருவர். ஆலோசனை சொல்லிக் கட்டணம் வாங்குகிறவர் செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண் ஐ.என்.ஏ. அல்லது ஐ.என்.ஹெச். என்று தொடங்கும், செபியின் இணையதளத்தில் ஒத்துப்பார்க்கலாம். அவனுடைய ஆலோசகருக்கு எந்த எண்ணும் இல்லை.

அப்படியானால் நேரான பங்கில் ஆபத்தில்லையோ? உண்டு. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நாட்டின் முன்னணி நிறுவனங்களில் ஒன்று. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய பணம் பொய்யென்று தாமே எழுதிக்கொடுத்தார். சுமார் 179 ரூபாயிலிருந்த பங்கு அன்று மாலை 40 ரூபாயளவில் நின்றது. நல்ல நிறுவனம் என்று ஊரே சொன்னாலும் எல்லாப் பணத்தையும் ஒன்றில் வைக்கலாகாது என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமோ? ஆகையால்தான் தொடங்குகிறவர்களுக்குக் குறியீட்டு மியூச்சுவல் ஃபண்டைச் சொல்லுகிறார்கள். நிஃப்டியில் 50 நிறுவனங்கள், சென்செக்ஸில் 30. மாதம் ஐந்நூறு ரூபாய் போட்டாலும் அது அத்தனை நிறுவனங்களிலும் பிரிந்து சேரும். மொத்தச் சந்தையும் விழுவதுண்டு. 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ், அவ்வாண்டு அக்டோபரில் 8,000-க்கும் கீழே போயிற்று. அந்த உயரத்தை நிலையாகக் கடக்க ஐந்தாண்டுகளுக்கு மேலாயிற்று. கொரோனா வந்த 2020-இல், மார்ச் 23 அன்று ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது. காத்திருக்க முடிந்தவர்கள் தப்பினார்கள். தங்கையின் திருமணத் தேதி காத்திருக்குமா? ஆகவே தேதி குறித்த பணம், மருத்துவச் செலவுக்கான பணம், ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் எதுவும் அங்கே போகலாகாது என்பது என் முடிவு. கிரெடிட் கார்டு கடன் உள்ளவர்கள் முதலாவது அதை அடைத்துவிடுங்கள்.

தாலந்து உவமையைப் பங்குச்சந்தைக்குச் சாட்சியாக இழுக்கிறவர்களும் உண்டு. அதைப் பிரசங்கத்தில் சொன்னால், வேதாகமக் கல்லூரியில் எனக்குக் கற்பித்த ஆசிரியர் தேர்வுத்தாளைத் திருப்பித் தந்திருப்பார்.

தாயாரிடம் அவனே பேசினான். நான் பக்கத்தில் இருந்தேன். அந்த அம்மாள் நெடுநேரம் ஒன்றும் சொல்லாமல், பின்பு, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்கள். திருமணம் எட்டு மாதம் தள்ளிப்போயிற்று. மீதியிருந்த ஐம்பதாயிரத்தை வங்கி வைப்பில் போட்டான். ஆப்ஷன் பிரிவைத் தன் கணக்கில் மூடிவிடும்படி தரகருக்கு எழுதினான். அப்படி மூடலாம் என்பதையே அன்றுதான் அறிந்தோம். திருமணம் முடிந்த பின்பு மாதம் ஆயிரம் ரூபாய் ஒரு குறியீட்டு ஃபண்டில் போடத் தொடங்கியிருக்கிறான். நாமினியாகத் தாயாரின் பெயரை எழுதினான்.

இதற்கிடையில் தகரப்பெட்டியை மறுபடியும் திறந்தேன். மறைந்த நிறுவனத்தின் பத்திரங்களுக்கு அடியில், சிமெண்டு நிறுவனமொன்றின் ஐம்பது பங்குகள் இருந்தன. அந்த நிறுவனம் இன்றும் நடக்கிறது. ஏழு ஆண்டுகள் தொடர்ந்து டிவிடெண்ட் கேட்கப்படாத பங்குகள், முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும் என்பது சட்டம். அவை அழிந்துபோவதில்லை, வாரிசு விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். அந்த ஆணையத்தின் அலுவலகம் இதே தில்லியில்தான் இருக்கிறது. தகப்பனாரின் இறப்புச் சான்றிதழில் அவர் பெயர் ஓர் எழுத்து மாறியிருப்பதால், பிரமாணப் பத்திரம் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். இணையப் படிவத்தை அந்த வாலிபன்தான் எனக்கு நிரப்பித் தருகிறான்.