கால் இன்னும் வரல

முதல் வருஷ ஓரியன்டேஷனுக்கு ஒரு மோட்டிவேஷன் பேச்சாளர் வந்தது நம்ம பேட்ச்சுக்கு ஞாபகம் இருக்கும். செமினார் ஹால் திரையில் ஒரு சுருட்டை முடிப் பையன். வலது காலுக்குப் பதிலா உலோகக் கம்பி. “ஒரு கால் இல்லாதவனே ஓடுறான், ரெண்டு கால் இருக்கிற உனக்கு என்ன கேடு?”ன்னு கேட்டார். எல்லாரும் கை தட்டினோம். நானும் தட்டினேன், ஆனா உள்ளுக்குள்ள எரிச்சல். என் மாமாவுக்கும் வலது கால் முட்டிக்கு மேலே கிடையாது. கோவில்பட்டியில் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர், விபத்து. இவன் ஓடுறான்னா மாமா மட்டும் ஏன் இப்படி இழுத்து இழுத்து நடக்கிறார்னு ஒரு நிமிஷம் எனக்கே தோணிச்சு. அதுதான் எரிச்சலுக்குக் காரணம்.

அந்த தீபாவளி லீவு முடிந்து காலேஜுக்குத் திரும்பும்போது மாமாதான் பஸ் ஏற்றிவிட வந்தார். பஸ் ஸ்டாண்டுக்குள்ள நுழையும்போதே மதுரை பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு முன்னாடி ஓடி, திரும்பி, “மாமா, சீக்கிரம் வாங்க!”ன்னு கத்தினேன். அவர் வேகமா ரெண்டு எட்டு வைத்தார். மூணாவது எட்டில் செயற்கைக் கால் மடங்கி, அத்தனை பேர் நடுவில் விழுந்துட்டார். தூக்கிவிட்டபோது வேட்டியில் மண்ணைத் தட்டிக்கொண்டே, “ஒண்ணுமில்ல மருமவனே, கால் இன்னும் வரல, அதுக்குள்ள ஊனிட்டேன்”னார். அவர் என்ன சொல்கிறார்னு அப்போ எனக்குப் புரியல. பஸ்ஸும் போயிடுச்சு.

புரிந்தது நாலாவது செமஸ்டரில். கே.ஓ.எம். மினி புராஜெக்டுக்கு நான் எடுத்தது செயற்கை முழங்கால். யூடியூபில் தேடிக்கொண்டிருந்தபோது மறுபடி அதே சுருட்டை முடிப் பையன் வந்தான். இந்தத் தடவை படமா இல்லை, வீடியோவா.

பெயர் டெரி ஃபாக்ஸ். கனடாக்காரன். 1977-இல், 18 வயதில், எலும்புப் புற்றுநோய். வலது காலை முட்டிக்கு மேலேயே எடுத்துட்டாங்க. ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி அவனுடைய ஸ்கூல் கோச், செயற்கைக் காலோடு நியூயார்க் மாரத்தான் ஓடிய டிக் ட்ராம் என்பவரைப் பற்றிய பத்திரிகைக் கட்டுரையைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் கூடவே சிகிச்சையில் இருந்த சின்னப் பிள்ளைகளையும் பார்க்கிறான். புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட கனடாவைக் குறுக்கே ஓடிக் கடப்பதுன்னு முடிவு பண்றான். 1980 ஏப்ரல் 12, செயின்ட் ஜான்ஸ் ஊரில் செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டுக் கிளம்பினான். ஒரு நாளைக்குச் சுமார் 42 கிலோமீட்டர். அதாவது தினமும் ஒரு மாரத்தான்.

வீடியோவை 0.25 வேகத்தில் வைத்துப் பார்த்தேன். அவன் ஓட்டம் நாம ஓடுற மாதிரி இடது, வலது, இடது, வலது இல்லை. இடது, இடது, வலது. நல்ல காலில் ஊன்றி, அதே காலில் இன்னொரு தத்து தத்தி, அப்புறம்தான் செயற்கைக் கால் தரையைத் தொடுகிறது. எதுக்கு அந்த எக்ஸ்ட்ரா தத்து? முட்டிக்குக் கீழே இருக்கிற பாகம் ஒரு பெண்டுலம், அவ்வளவுதான். பின்னாடி மடங்கி, ஆடி, முன்னாடி வந்து நீள்வதற்கு அதுக்குன்னு ஒரு நேரம் வேணும். நடக்கும்போது அந்த நேரம் கிடைக்கும், ஓடும்போது கிடைக்காது. முழுசா நீளறதுக்குள்ள எடையைப் போட்டா முட்டி மடங்கிடும். கால் வந்து சேர்ற வரைக்கும் அவன் காற்றில் காத்திருக்கிறான்.

லேப்டாப்பை மூடிட்டு கொஞ்ச நேரம் ஹாஸ்டல் மொட்டை மாடிக்குப் போயிட்டேன்.

ஒரு கணக்குப் போட்டேன். ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர்னு சும்மா வச்சுக்குங்க. 42 கிலோமீட்டருக்கு 28,000 சுற்று. இடது கால் மட்டும் 56,000 தடவை தரையில் மோதணும். மறுநாளும் அதே. கூடவே வேன் ஓட்டி வந்த நண்பன் டக் ஆல்வார்டோடு சண்டை வந்து பேச்சே நின்று, தம்பி டேரல் வந்துதான் சமாதானம். (எனக்கு அவனை ரொம்பப் பிடித்துப் போனது இந்த இடத்தில்தான். அந்தப் பேச்சாளர் இதையெல்லாம் சொல்லவே இல்ல.)

143 நாள், 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் 1, தண்டர் பே ஊருக்கு வெளியே நிறுத்த வேண்டியதாயிற்று. புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. ஆளுக்கு ஒரு டாலர்னு அவன் கேட்டிருந்தான். 1981 பிப்ரவரியில் தொகை 2.4 கோடி டாலரைத் தாண்டியது, அன்றைய கனடா மக்கள்தொகை அளவுக்கு. ஜூன் 28-ஆம் தேதி இறந்துபோனான். 23 வயசு முடியல.

லீவுக்குப் போனபோது மாமாவிடம் வீடியோவைக் காட்டினேன். நான் எதிர்பார்த்த மாதிரி அவர் நெகிழவெல்லாம் இல்லை. ஒரு மெக்கானிக் இன்னொருத்தன் வண்டியைப் பார்க்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “தத்துறான் பாரு. கால் வரட்டும்னு தத்துறான்.” அப்புறம், “தொடை உரிஞ்சு ரத்தம் வந்திருக்குமே?” வந்திருக்கு என்றேன். “கடைசி வரைக்கும் போனானா?” இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

2022-இல் சென்னை ஐஐடி வெளியிட்ட ‘கதம்’ முழங்கால் பற்றியும் சொன்னேன். நாம கே.ஓ.எம்.-இல் மனப்பாடம் பண்ணி எழுதுகிற அதே ஃபோர் பார் லிங்கேஜ்தான். ஊன்றும்போது சட்டென்று மடங்காது. மாமாவிடம் இருப்பது இலவச முகாமில் கிடைத்த ஒற்றை அச்சு முட்டி. “விலை என்ன?” என்றார். விசாரிக்கிறேன் என்றேன். இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

டெரி ஃபாக்ஸ் பெயரில் அதே ஐஐடி வளாகத்தில் ஓட்டம் நடத்துகிறார்கள். போட்டி கிடையாது, பரிசு கிடையாது.

“நடக்கலாமா?”ன்னு கேட்டார் மாமா.

“நடக்கலாம் மாமா.”

“அப்போ ரெண்டு பேருக்கும் பேரு குடு. ஆனா நீ முன்னாடி ஓடிப் போய் நின்னுக்கிட்டு சீக்கிரம் சீக்கிரம்னு கத்தப்படாது.”