லுவார் நாட்டில் – 4: ஐந்து முறை மணந்த பிரபு

ரயில் பயணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆன்ஜே கோட்டையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். மேன் ஆற்றங்கரையில் கறுப்புச் சிலேட்டும் வெளிறிய சுண்ணாம்புக் கல்லும் பட்டை பட்டையாக ஏறும் 17 கோபுரங்கள். அவை 13ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. உள்ளே அவற்றுக்கும் மூத்த அரண்மனைச் சுவர்கள் இடிந்து நிற்கின்றன. ஆன்ஜூவை ஆண்ட நான்காம் ஃபூல்க் பிரபுவின் இடம் அது.

ஃபூல்க், அண்ணனின் நாட்டைப் பறித்தவர். 1068இல் அண்ணன் ஜொஃப்ரூவாவைப் பிடித்து ஷினோன் கோட்டையில் அடைத்தார். 1096இல் போப் இரண்டாம் அர்பன் இந்தப் பக்கம் வந்த பிறகுதான் அவருக்கு விடுதலை. உள்ளே கிடந்தது 28 ஆண்டுகள்!

ஃபூல்க்கின் முதல் மனைவி ஹில்டகார்ட் இறந்துபோனார். அடுத்து வந்த எர்மங்கார்ட், ஒராங்கார்ட், மாந்தி மூவரையும் ஃபூல்க் ஒருவர் பின் ஒருவராகத் தள்ளிவைத்தார். மணமக்கள் நெருங்கிய உறவு என்று காட்டிவிட்டால் திருச்சபை திருமணத்தை ரத்து செய்யும். அக்காலப் பிரபுக்கள் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். அந்தப் பெண்களின் பெயர் கோட்டையில் எங்கும் என் கண்ணில் படவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

1089இல் ஐந்தாவதாக வந்தவர் பெர்த்ராத். வயதில் மிக இளையவர். 1092இல் அவர் பிரான்ஸ் அரசர் முதலாம் பிலிப்புடன் போய்விட்டார். முந்தைய மனைவியரைப் போலத் தன்னையும் ஃபூல்க் விரட்டிவிடுவார் என்று பயந்தார் என எழுதுகிறார் ஆர்டெரிக் விட்டாலிஸ் என்ற துறவி. நம்பத்தான் தோன்றுகிறது. பிலிப்பும் தன் அரசி பெர்த்தாவைத் தள்ளிவைத்தவரே. முதல் சிலுவைப் போருக்கு அழைப்பு எழுந்த 1095 கிளெர்மோன் மாநாட்டிலேயே போப் அவரைச் சபை நீக்கம் செய்தார்.

மதியம் இரண்டைத் தாண்டினால் இங்கே பல உணவகங்களில் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். மூன்று இடங்களில் கையை விரித்தார்கள். நாலாவது கடையில் ஓர் அம்மாள் என் முகத்தைப் பார்த்து மனமிரங்கி உட்காரச் சொன்னார். ரொட்டி, கொழுப்பிலேயே பொன்னிறமாக வெந்த பன்றியிறைச்சித் துண்டுகள், கேட்காமலே ஒரு ஜாடித் தண்ணீர். தண்ணீருக்குக் காசில்லை! பாரீஸில் ஒரு பாட்டிலுக்குக் கொடுத்த விலை இன்னும் உறுத்துகிறது. மேசை துடைத்து வைத்தாற்போல் பளிச்சென்றிருந்தது.

1106இல் இதே ஊரில் நடந்த விருந்துதான் என்னைத் திகைக்க வைத்தது. பிலிப்பும் பெர்த்ராத்தும் ஆன்ஜேவுக்கு வந்தார்கள், ஃபூல்க் வரவேற்றார். பழைய கணவரையும் புதிய கணவரையும் பெர்த்ராத் ஒரே பந்தியில் உட்காரவைத்தார் என்கிறார் ஆர்டெரிக். மூன்றாண்டு கழித்து ஃபூல்க் இறந்தார். அவருக்குப் பெர்த்ராத் பெற்ற மகன் 1131இல் ஜெருசலேமின் அரசரானார்.

கோட்டைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் 14ஆம் நூற்றாண்டுத் திரைச்சீலையைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் போனால் அந்த இடிந்த சுவர்களுக்கும் அரை மணி நேரம் கொடுங்கள்.