வெட்டிப் பார்த்த வீடு

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு பிளான் பிரிண்ட் கடை. ஆர்க்கிடெக்சர் பிள்ளைகள் மூன்று பேர் பென் டிரைவோடு நிற்கிறார்கள். மறுநாள் ஜூரி முன் மார்க்குக்கு வைக்கவேண்டும். மூவரும் அளந்து வந்தது ஒரே வீட்டைத்தான்: திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை. வாசலிலிருந்து கொல்லைவரை நெடுக வெட்டினால் என்ன தெரியுமோ அது ஏ1 தாளில் வரவேண்டும்.

முதல் தாள் பிளாட்டரிலிருந்து இறங்குகிறது. வெட்டுப்பட்ட சுவரும் கூரையும் கெட்டிக் கறுப்பு. மற்றதெல்லாம் மயிரிழைக் கோடு. பத்தடி தள்ளி நின்றாலும் முற்றத்தின் உயரம் பிடிபடுகிறது. கூரை எதனால் ஆனது என்பது மட்டும் தெரியவில்லை.

இரண்டாவதில், வெட்டிய இடத்திலிருந்து உள்ளே பெர்ஸ்பெக்டிவ் ஓடுகிறது. 1963-ல் முடிந்த யேல் பல்கலைக்கழகக் கலை, கட்டடக்கலைக் கட்டடத்துக்கு அதன் ஆர்க்கிடெக்ட் பால் ருடால்ஃப் வரைந்த பாணி. அவர் மையால் கோடு கோடாக இழைத்தார். தம்பி இணையத்திலிருந்து ஆட்களை இறக்கிவிட்டான். மயிலாப்பூர்க் கூடத்தில் ஓவர்கோட் போட்ட வெள்ளைக்காரர் நாயோடு நிற்கிறார்.

"அண்ணா, டார்க்கா வருதே?"

"ஃபைல்லயே அப்படித்தாம்பா இருக்கு."

நாயைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

நடுவில் ஒரு ஆபீஸ் பையன் அவசரமாக நுழைகிறான். அடையாறில் வரப்போகும் அபார்ட்மென்ட், அப்ரூவலுக்கு. ஸ்டில்ட்டும் ஐந்து மாடியும். ஆளும் இல்லை, மரமும் இல்லை, வெறும் எண்கள். 18.30 மீட்டரைத் தாண்டினால் ஹைரைஸ் கணக்கில் போய்விடும், அதனால் உயரம் சென்டிமீட்டர் சுத்தம். ஓரத்தில் மழைநீர்க் குழி. 2003-ல் கட்டாயமானதிலிருந்து எல்லா பிளானிலும் அது உண்டு.

மூன்றாவது தாள் மூவரில் இருக்கும் பெண்ணுடையது. வண்ணமே இல்லை. கூரையான மெட்ராஸ் டெரஸை மட்டும் 1:10-ல் பெரிதாக்கித் தனியே போட்டிருக்கிறாள்: தேக்குச் சட்டம், அதன்மேல் சாய்வரிசையில் நெட்டுக்குத்தாக நிறுத்திய மெல்லிய செங்கல், சுண்ணாம்பில் குழைத்த செங்கல் ஜல்லி, மேலே தட்டோடு. ஊஞ்சலில் ஒரு பாட்டி, ஒரு கால் மடக்கி, ஒரு கால் தரையை உந்த. மற்ற இருவரும் தரைக்கோட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். இவள் அஸ்திவாரத்தையும் கிணற்றையும் தண்ணீர் மட்டத்தையும் விடவில்லை.

ஜூரி எதைத் தூக்கிப் பிடிக்குமோ. என்னைக் கேட்டால், முதல் தாளைச் சுவரில் மாட்டலாம். கூரை ஒழுகினால் கொத்தனாரிடம் காட்ட மூன்றாவதுதான் உதவும். என் மார்க் அதற்கே.