குண்டுத் துளைகளைப் பூசாத சுவர்

பத்திரிகைத் தொழிலுக்கு நான் வந்த புதிதில் வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்ப்பதே எனக்குத் தரப்பட்ட வேலை. 1990களின் தொடக்கம் அது. மத்திய அமெரிக்காவிலிருந்து வரும் செய்திகளில் எல் சல்வடோரும் குவாத்தமாலாவும் நிக்கராகுவாவும் மாறிமாறி இடம்பெறும். எல்லாம் யுத்தமும் மரணமும்தான். அந்தக் குவியலில் ஒரு நாட்டின் பெயர் மட்டும் அபூர்வமாகவே தென்படும். அது கொஸ்தா ரிக்கா. மரணங்கள் இல்லாத நாட்டிற்குச் செய்திப் பெறுமதியும் இல்லை என்பது எங்கள் தொழிலின் எழுதப்படாத விதி.

அந்த நாட்டின் தலைநகரான சான் ஹோசேயில் நான்கு நாட்கள் தங்குவேன் என்று அன்று நினைத்திருக்கவில்லை. ரொறன்ரோவில் வசிக்கும் மகளைப் பார்க்கச் சென்றிருந்தபோது, "குளிருக்குள்ளை அடைஞ்சு கிடக்காமல் ரெண்டுபேரும் எங்கையாவது போட்டு வாங்கோ" என்று அவளே பயணச்சீட்டை எடுத்துத் தந்துவிட்டாள். விமானப் பயணம் ஏறத்தாழ ஐந்தரை மணித்தியாலங்கள்.

சான் ஹோசே கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,170 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. வெயிலும் குளிரும் அளவோடு கலந்த அந்தக் காலநிலை எங்களுக்குப் பண்டாரவளையை நினைவூட்டியது. நகரம் அழகானது என்று சொல்ல முடியாது. நெரிசலும் புகையும் நிறைய. அநேகமான வீடுகளுக்கு இரும்புக் கம்பிக் கதவுகள். மதில்களின் மேல் முட்கம்பிச் சுருள்கள்.

விலாசம் கண்டுபிடிப்பதுதான் முதல் சோதனை. வீதிகளுக்கு இலக்கங்கள் உண்டு. ஆனால் அவற்றை யாரும் பொருட்படுத்துவதில்லை. "தேவாலயத்திலிருந்து 200 மீற்றர் தெற்கு, 50 மீற்றர் கிழக்கு" என்பதே விலாசம். 100 மீற்றர் என்றால் ஒரு வீதிச் சந்தியிலிருந்து அடுத்த சந்திவரை என்று பொருள். சான் பேத்ரோ என்ற பகுதியில் ஒரு பெரிய அத்திமரம் நின்றதாம். மரம் போய்ப் பல வருடங்களாகியும் "பழைய அத்திமரத்திலிருந்து" என்றே மக்கள் வழி சொல்கிறார்கள்.

இதைக் கேட்டு நான் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. "எங்கடை ஊரிலையும் சங்கக்கடையடி எண்டுதானே இப்பவும் சொல்லுறம். சங்கக்கடை எங்கை இருக்கு? பற்றைதானே கிடக்கு" என்றார்.

இரண்டாம் நாள் காலை, 1880இல் அமைக்கப்பட்ட மத்திய சந்தைக்குப் போனோம். சோறும் கறுப்பு அவரை விதையும் சேர்த்துப் பிரட்டிய 'காயோ பின்தோ' என்ற உணவுதான் அந்நாட்டின் காலைச் சாப்பாடு. ஒரு செத்தல் மிளகாய் போட்டிருந்தால் நன்றாயிருக்கும் என்பது மனைவியின் தீர்ப்பு. மரச்சட்டத்தில் தொங்கும் துணிப்பையில் கோப்பித்தூளை இட்டு, வெந்நீர் ஊற்றி வடித்துத் தந்தார்கள்.

அந்தக் கோப்பிதான் நகரின் பெருமைக்குரிய தேசிய அரங்கையும் கட்டியது. கோப்பி ஏற்றுமதிக்கு விதிக்கப்பட்ட வரியைக் கொண்டு தொடங்கப்பட்டு, 1897இல் திறக்கப்பட்ட கட்டடம் அது. உள்ளே மாடிப்படியின் மேல் விதானத்தில், இத்தாலிய ஓவியர் அலியார்டோ வில்லா தீட்டிய பெரிய ஓவியம். மலையில் விளையும் கோப்பி அதில் கடற்கரையோரம் விளைகிறது. வாழைக்குலையைத் தூக்கியிருப்பவர், வாழைக்குலையை ஒருநாளும் தூக்கியிராதவர் போல் தோன்றுகிறார்.

எங்கள் மலையகத்திலும் முதலில் இருந்தது கோப்பிதான். 1869இல் இலைத்துரு நோய் வந்து, அடுத்த இருபது வருடங்களில் அந்தப் பயிர் அழிந்து, தேயிலை வந்தது. கோப்பிக்காகத் தமிழகத்திலிருந்து கூட்டிவரப்பட்டு, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்தவர்கள், வழியில் இறந்து போனவர்கள் ஆகியோரின் நினைவு அந்தப் பளிங்குப் படிகளில் நின்றபோது எனக்கு வந்தது.

மூன்றாம் நாள் தேசிய நூதனசாலைக்குப் போனோம். வண்ணத்துப்பூச்சிகள் பறக்கும் ஒரு தோட்டத்தைக் கடந்து மேலே ஏறினால் கோட்டை போன்ற மஞ்சள் கட்டடம் ஒன்று எதிர்ப்படும். ஒரு காலத்தில் அது பெய்யாவிஸ்தா இராணுவ முகாம். அதன் கோபுரச் சுவரெங்கும் துப்பாக்கிக் குண்டுத் துளைகள். மனைவி கிட்டப்போய் ஒரு துளையில் விரலை வைத்துப் பார்த்தார்.

"இஞ்சருங்கோ, இவ்வளவு காலமாய் ஏன் இதைப் பூசாமல் விட்டிருக்கினம்?"

அங்கே நின்ற பணியாளரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். "சுட்டவர்களும் நாங்கள், சுடப்பட்டவர்களும் நாங்கள். யாரிடமிருந்து மறைக்க?" என்றார்.

அந்தத் துளைகளின் கதை இதுதான். 1948 பெப்ரவரி 8இல் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. எதிரணி வென்றதாக அறிவிக்கப்பட்ட முடிவைக் காங்கிரஸ் சபை இரத்துச் செய்தது. ஹோசே ஃபிகேரெஸ் என்ற தோட்ட முதலாளி ஆயுதமேந்தினார். 44 நாள் யுத்தத்தில் ஏறத்தாழ 2,000 பேர் மாண்டனர். வென்ற ஃபிகேரெஸ், அதே ஆண்டு டிசெம்பர் முதலாம் திகதி இந்த முகாமின் சுவரில் சம்மட்டியால் அடித்து, இராணுவம் கலைக்கப்பட்டதாக அறிவித்தார். முகாம் நூதனசாலைக்கு வழங்கப்பட்டது. தோற்ற அரசின் இராணுவம் தம்மைக் கவிழ்த்துவிடும் என்ற அச்சமும் காரணம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை நிரந்தர இராணுவத்தைத் தடைசெய்தது. அந்தத் தடை இன்றும் நீடிக்கிறது.

பேராதனையில் வரலாறு படித்த பழக்கம் என்னை விடுவதில்லை. திகதிகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். அவர்களுடைய தேர்தலுக்கு நான்கு நாட்களுக்கு முன்னர்தான், 1948 பெப்ரவரி 4இல், இலங்கை சுதந்திரம் பெற்றது. அவர்கள் இராணுவத்தைக் கலைத்த அதே ஆண்டில் நாம் ஒரு குடியுரிமைச் சட்டத்தை இயற்றி, கோப்பிக்கும் தேயிலைக்கும் வந்தவர்களின் சந்ததியினரை நாடற்றவர்களாக்கினோம். 1949 ஒக்ரோபர் 10இல் இலங்கை இராணுவம் உருவாக்கப்பட்டது. அடுத்த மாதம் அங்கே இராணுவத்தைத் தடைசெய்யும் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அந்தச் சுவரின் முன் நின்று என்ன பேசுவது என்று தெரியவில்லை.

ஆனால் இராணுவம் இல்லாமையை மட்டும் வியந்துவிட்டுத் திரும்புவது எளிது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றியது வேறொன்று. தோற்றவர்கள் கொண்டுவந்த 1941ஆம் ஆண்டின் சமூகக் காப்புறுதியையும் 1943ஆம் ஆண்டின் தொழிற் சட்டத்தையும் வென்றவர் அழிக்கவில்லை. பதினெட்டு மாதங்களில் ஆட்சியை, தேர்தலில் வென்ற ஒத்திலியோ உலாத்தேயிடம் ஒப்படைத்தார். தோற்ற அணியின் தலைவர் கல்தெரோனின் மகன் 1990இல் ஜனாதிபதியானார். 1994இல் அவர் பதவியை ஒப்படைத்தது யாரிடம் தெரியுமா? ஃபிகேரெஸின் மகனிடம்.

வென்றவர்கள் தூயவர்கள் என்று சொல்ல வரவில்லை. கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டது, பலர் நாடுகடந்தனர். அவர்களுள் ஒருவர் கார்மென் லீரா. ஆசிரியை, குழந்தைகளுக்குக் கதை எழுதியவர், அந்தக் கட்சியை நிறுவியவர்களுள் ஒருவர். நோயுற்ற நிலையில் நாடு திரும்ப விரும்பியும் முடியாமல், 1949இல் மெக்சிக்கோவில் இறந்தார். இன்றைய நிலைமையும் முழுக்க நிம்மதியானதல்ல. போதைப்பொருள் கும்பல்களின் மோதல்களால் 2023இல் கொலைகள் 900ஐத் தாண்டின. அந்த நாடு அதுவரை காணாத எண்ணிக்கை அது. மதில்களின் மேல் கண்ட முட்கம்பிச் சுருள்களுக்கு விளக்கம் கிடைத்தது.

கடைசி இரவு அறையில் இருந்து மிஞ்சிய பணத்தை எண்ணினோம். ஒரு பத்தாயிரம் கொலோன் தாளும் ஒரு இருபதாயிரம் கொலோன் தாளும் இருந்தன. பத்தாயிரத்தில் ஃபிகேரெஸின் முகம். இருபதாயிரத்தில் ஒரு பெண்ணின் முகம். பெயரை வாசித்தேன். கார்மென் லீராதான். மனைவிக்குக் கதையைச் சொன்னேன்.

சற்று நேரம் இரண்டு தாள்களையும் பார்த்தபடி இருந்தார். பிறகு, "கலைச்சவரும் கலைபட்டவவும் ஒரே பேர்சுக்குள்ளை. கலைபட்டவவுக்குத்தான் பெறுமதி கூட" என்றார்.

முப்பது வருடங்களுக்கு மேலாகத் தலையங்கம் எழுதுகிறேன். இவ்வளவு சுருக்கமாக எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

மறுநாள் பத்தாயிரத்தைக் கொடுத்து மகளுக்குக் கோப்பித்தூள் வாங்கினோம். இருபதாயிரத்தை மாற்ற மனைவி விடவில்லை. அது இப்போது எங்கள் வீட்டில், காணி உறுதிகளோடு சேர்ந்து இருக்கிறது.