ஆஃப் பண்ணக் கூடாத லிஸ்ட்

காலை எட்டரைக்கு பனியன் கம்பெனிக்குள் போகிறவர் ஒன்றரை ஷிப்டு பார்த்தால் இரவு எட்டரைக்கு வெளியே வருவார். அந்த நேரத்தில் திருப்பூர் ராயபுரத்துச் சந்துகளில் டூவீலரை உருட்டிப் போகக்கூட இடம் கிடைக்காது. பேக்கரி வாசலில் ஒரு கூட்டம், அட்டைப்பெட்டி ஏற்றும் டெம்போ, அதற்குப் பின்னால் ஹாரன் அடிக்கும் இன்னொரு டெம்போ. நான் பார்க்கப் போயிருந்தவருக்கு வேலை சூடுபிடிப்பது அப்போதுதான்.

நடுத்தர எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் அவர் ‘சிஸ்டம் பையன்’. வயது முப்பதைத் தாண்டிவிட்டது, பெண் குழந்தை பள்ளிக்கூடம் போகிறது, ஆனாலும் பையன்தான். கட்டிங்கில் இருப்பவருக்கு மாஸ்டர் பட்டம் உண்டு. கம்ப்யூட்டர் பார்க்கிறவருக்கு அது இன்னும் வரவில்லை.

மூன்று மாடிகளில் நாற்பதுக்கும் மேல் கம்ப்யூட்டர்கள். ராத்திரி அத்தனையையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே அணைப்பது அவர் வேலைகளில் ஒன்று. கரண்ட் பில்லுக்காகத்தானே என்று கேட்டேன். சும்மா ஓடும் ஒரு கம்ப்யூட்டர் 60 வாட் இழுக்கிறது என்று வைத்தால், 40 கம்ப்யூட்டர் 12 மணி நேரத்தில் 29 யூனிட் சாப்பிடும். பனியன் கம்பெனிக் கணக்கில் அது பெரிய காசு இல்லை. அவர் பதில் சொல்லாமல் பேக்கிங் செக்‌ஷனுக்குக் கூட்டிப்போய் ஒரு கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார்.

உள்ளே எல்லாம் பஞ்சு. பிராசஸருக்கு மேலிருக்கும் ஃபேன் இறக்கைகளின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் மெத்தென்று படிந்திருந்தது. ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே கம்பளித் துணி மாதிரி ஒரே படலம். விரலால் நெம்பினார், உருவம் கலையாமல் அப்படியே கழன்று வந்தது. அதில் ஓர் ஓரம் ரோஸ் நிறமாக இருந்தது. “போன மாசம் ரோஸ் கலர் ஆர்டருங்க” என்றார். ஓவர்லாக் மெஷின்கள் துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைப்பதால் பறக்கிற துகள் இது. பகலில் இதைத் தவிர்க்க வழியில்லை. ஆள் இல்லாத ராத்திரியிலும் ஃபேன் சுற்றி இதையே இழுத்துக்கொண்டிருந்தால் சூடேறி, கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் போகும். சுற்றிலும் காட்டன், நடுவில் சூடான பெட்டி. முதலாளி பயந்தது அதற்குத்தான், பில்லுக்கு இல்லை.

முன்பு இதை வாட்ச்மேன் செய்தார். ஒன்பது மணிக்கு மாடி மாடியாக ஏறி, கரண்டையே நிறுத்தும் எம்சிபி ஸ்விட்சைத் தட்டிவிடுவார். ஓடிக்கொண்டிருப்பது என்ன என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஹார்ட் டிஸ்க்குகள்தான் அடி வாங்கின.

இப்போது கறுப்புத் திரையில் ஒரு வரி போதும். விண்டோஸோடு வருகிற ஷட்டவுன் கட்டளைதான், காசு கொடுத்து எதுவும் வாங்கவில்லை. அணைக்க ‘எஸ்’, எந்த மெஷின் என்பதற்கு ‘எம்’, எத்தனை நொடி என்பதற்கு ‘டி’, எதிர்முனைத் திரையில் காட்ட வேண்டிய வாசகத்துக்கு ‘சி’. நேரம் கொடுக்காவிட்டால் 30 நொடியில் அணையும். அதிகபட்சமாக 10 வருடம் வரை கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்: “இங்க எந்த மெசினுங்க பத்து வருசம் தாங்குது?”

அவர் கொடுப்பது 300 நொடி. இதில் ஒரு பொறி இருக்கிறது. பூஜ்யத்துக்கு மேல் எந்த நேரம் கொடுத்தாலும், திறந்திருப்பதை வலுக்கட்டாயமாக மூடு என்ற உத்தரவும் கூடவே போய்விடும். சேவ் பண்ணாத எக்செல் போனது போனதுதான். அதனால் பெயர்களை வரிசையாக ஒரு பேட்ச் ஃபைலில் எழுதி அமுக்குவது யாருக்கும் வரும். யாருடைய பெயரை இன்றைக்கு எடுத்துவிட வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய வெள்ளைத்தாளில் அந்த லிஸ்ட், பென்சிலில். கணக்கு எழுதும் டேலி இருக்கும் மெஷின், ராத்திரி பேக்கப் ஓடும். டிசைன் போடும் கேட் (CAD) ரூமில் பிளாட்டர் பூட்டிய மெஷின். துணி வெட்டுவதற்கான மார்க்கர் படத்தைப் பாதி வரைந்து நின்றால் பேப்பரும் வீண், காலையில் கட்டிங் டேபிளும் காத்துக் கிடக்கும். வெள்ளிக்கிழமை என்றால் சம்பளக் கணக்கு மெஷின், சனிக்கிழமை பட்டுவாடா இருப்பதால். தூத்துக்குடிக்கு கன்டெய்னர் கிளம்பும் ராத்திரி என்றால் பெட்டிக்கு பார்கோடு ஒட்டும் மெஷின். கடைசியில் எம்டி ரூம். அதைப் பென்சிலில் எழுதவில்லை, பேனாவில் எழுதியிருந்தார். எந்தச் செக்‌ஷன் எந்தக் கெடுவுக்கு ஓடுகிறது என்று மேனேஜரைக் கேட்பதைவிட இந்தத் தாளைப் பார்த்தால் சீக்கிரம் விளங்கும்.

லிஸ்ட்டில் இல்லாத ஆட்களும் இருப்பார்கள். திருப்பூரில் இரவு ஏழு என்றால் கோடைகாலத்து நியூயார்க்கில் காலை ஒன்பதரை. பையர் அப்போதுதான் சீட்டில் உட்காருவார். மெர்ச்சண்டைசர்கள் கிளம்ப முடியாது. கட்டளையைத் தட்டுவதற்கு முன் இண்டர்காமை எடுத்தார்.

“அக்கா, அஞ்சு நிமிசத்துல சிஸ்டம் போயிருமுங்க.”

“இருங்க தம்பி, காஸ்டிங் சீட்டு ஒண்ணு மட்டும் அனுப்பிக்கிறனுங்க.”

“அப்ப உங்க மெசினை எடுத்தர்றன். போறப்ப நீங்களே ஆஃப் பண்ணிருங்கக்கா.”

அக்கவுண்ட்ஸில் இருக்கும் பெரியவருக்கு இண்டர்காம் தேவையில்லை. அறிவிப்பு வந்தால் கட்டளையோடு ‘ஏ’ சேர்த்துத் தட்டி அவரே நிறுத்திக்கொள்வார். யாரும் சொல்லித்தந்ததில்லை. 2003 ஆகஸ்ட்டில் பிளாஸ்டர் என்ற வைரஸ் உலகம் பூராவும் எக்ஸ்பி மெஷின்களில் புகுந்து, அறுபது நொடி எண்ணிவிட்டுத் தானாக ரீஸ்டார்ட் ஆக வைத்ததே, அப்போது பழகியது. வேறு மெஷினில் உட்கார்ந்து உங்கள் மெஷினை அணைக்க முடியும் என்பது அவருக்கு வைரஸ் வழியாகத்தான் முதலில் தெரிந்திருக்கிறது.

இன்னொருவர் தன் மெஷினை அணைப்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்தால் அது நியாயமானதுதான். இங்கே டொமைன் சர்வர் கிடையாது, வெறும் ஒர்க்குரூப். தூரத்திலிருந்து அணைக்க வேண்டுமென்றால் எதிர் மெஷினில் அட்மின் உரிமை வேண்டும். அதனால் எல்லா மெஷினிலும் ஒரே பெயரில், ஒரே பாஸ்வேர்டில் ஓர் அட்மின் கணக்கு. விஸ்டாவிலிருந்து லோக்கல் அட்மின் நெட்வொர்க் வழியாக வந்தால் விண்டோஸ் அதிகாரத்தைக் குறைத்துவிடும். ரிஜிஸ்ட்ரியில் கை வைத்து அதையும் தளர்த்தியிருக்கிறார். எனக்கு இது உறுத்தியது. அந்த ஒரு பாஸ்வேர்ட் வெளியே போனால் கம்பெனி முழுக்கத் திறந்துவிடும். 2017 மே மாதம் வான்னாக்ரை பரவியதும் இந்தக் கட்டளை போகிற அதே 445 போர்ட் வழியாகத்தான். சொன்னேன். ஃபயர்வாலில் தன் மெஷினின் ஐபி ஒன்றுக்கு மட்டும் வழி விட்டிருப்பதைத் திறந்து காட்டினார். சர்வருக்குக் கேட்டிருக்கிறாராம். “அடுத்த சீசன்ல பாக்கலாம்னாங்க.” அது எத்தனை சீசனாக அடுத்த சீசன் என்று நான் கேட்கவில்லை.

கட்டளை ஓடியது. பெரும்பாலும் சத்தமில்லாமல் போய்விட்டன. மூன்று மட்டும் பிழை எண்ணோடு திரும்பின. “அஞ்சு வந்தா பர்மிசன், அம்பத்திமூணு வந்தா வயரு” என்றார். 5 என்பது அனுமதி மறுப்பு: யாரோ விண்டோஸ் புதிதாகப் போட்டு அவர் கணக்கை அழித்திருப்பார்கள். 53 என்றால் அந்தப் பெயரில் நெட்வொர்க்கில் யாரும் கிடைக்கவில்லை: ஏற்கெனவே அணைத்திருக்கலாம், எலி கேபிளைக் கடித்திருக்கலாம். ஸ்டோர்ஸில் 53. டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

காலையில் எழுப்புவதுதான் இன்னும் சரியாக அமையவில்லை. வேக்-ஆன்-லேன் முயன்று பார்த்திருக்கிறார். 102 பைட் கொண்ட ஒரு சின்னப் பொட்டலம். முதல் ஆறும் அடையாளம், பிறகு அந்த மெஷினின் மேக் முகவரி பதினாறு தடவை. அணைந்த மெஷினின் நெட்வொர்க் கார்டு அதைக் கேட்டு விழித்துக்கொள்ளும், மின்சாரம் வந்துகொண்டிருந்தால். ஆனால் எல்லாம் அணைந்த பிறகு, லிஸ்ட்டில் இருக்கும் மெஷின்களை விட்டுவிட்டு, வாட்ச்மேன் பழக்கம் விடாமல் எம்சிபியையும் தட்டிவிடுகிறார். “நெருப்புப் பயமுங்க சார்” என்று அவர் சொன்னால் மறுக்கவும் முடியவில்லை.

கடைசியில் பயாஸில், கரண்ட் வந்ததும் தானாக எழுந்துகொள் என்று மாற்றிவிட்டார். காலையில் வாட்ச்மேன் எம்சிபியைப் போட்டதும் எல்லா மெஷினும் எழுந்துகொள்கின்றன. வாட்ச்மேன் லீவில் போன ராத்திரியில்தான் சிக்கல். எம்சிபி போட்டபடியே கிடக்கும், நடுராத்திரி கரண்ட் போய் வந்தால் ஆளில்லாத மாடியில் அத்தனை மெஷினும் எழுந்து பஞ்சை இழுக்க ஆரம்பித்துவிடும். அதற்காக அதே பேட்ச் ஃபைலை மூன்று மணிக்கும் ஒருமுறை ஓடும்படி வைத்திருக்கிறார். அந்த நேரத்துக்கு லிஸ்ட் தனி: டேலி, பார்கோடு, எம்டி ரூம்.